வண்டியை ஓட்டியது யார் என்பதை மறைக்காதீர்கள்

வாசகரின் கடிதம்:

என் கணவர் 11 ஆண்டுகளாகக் குவைத்தில் வேலை பார்க்கிறார். குலசேகரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நானும், பிளஸ் டூ படிக்கும் 17 வயது மகனும், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருக்கிறோம். மகனைச் சிறு வயதிலிருந்து வளர்த்தது என் மாமனார்தான். பாட்டா, பாட்டா என்று அவரையே சுற்றிக்கொண்டிருப்பான். ஐந்தாம் வகுப்பு வரை அவருடைய சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனான். போன வருடம் அவர் இறந்த பிறகு பிள்ளை ஆளே மாறிவிட்டான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினான் என்று அவனுடைய அப்பா பணம் அனுப்பி, என் பெயரில் 150 சிசி பைக் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதன் சைலன்சரை மாற்றிவிட்டு, இரவில் நேரம் காலம் இல்லாமல் சுற்றத் தொடங்கினான். தக்கலையில் ஒருமுறை போலீஸ் பிடித்தபோது என் தம்பி போய் அபராதம் கட்டி அழைத்து வந்தான். கணவரிடம் சொல்லவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு, இரண்டு நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேங்காப்பட்டணம் போய்விட்டு விடியற்காலையில் திரும்பும்போது, ஒரு வளைவில், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர்மேல் மோதிவிட்டான். அவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். தொடை எலும்பு முறிந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். என் மகனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. யார் ஓட்டியது என்று நாங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள என் தம்பி, “நான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன், பிள்ளையின் வாழ்க்கை கெடக் கூடாது” என்கிறான். 50,000 ரூபாய் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி முடித்துவிடலாம் என்கிறார் ஊரில் ஒருவர். மகன் யாரிடமும் பேசுவதில்லை, பகலில் தூங்குகிறான், இரவில் விழித்திருக்கிறான். போன வாரம் என் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டான். தரமாட்டேன் என்றதற்கு, “நானும் பாட்டாக்ககூட போயிட்டா ஒனக்கு நிம்மதிதானே” என்றான். தம்பி சொல்வதுபோல் செய்யலாமா? கணவரிடம் எப்படிச் சொல்வது? இவனை எப்படித் திருத்துவது?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே சில வரிகளில் தனியாகப் பதில் அனுப்பியிருந்தேன். அதை இங்கே விரித்து எழுதுவது, கணவர் வெளிநாட்டில் இருக்க, வளர்ந்த மகனை வீட்டில் தனியாகச் சமாளிக்கும் தாய்மார்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் மேற்குப் பகுதியில், நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான். உங்கள் மகன் 18 வயது நிறையாதவன் என்பதால் அவனை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டமும்கூட.

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் முக்கியமானவை. ஆனால் முதலில் பேச வேண்டியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றை. சாவியை மறுத்தபோது அவன் சொன்ன வார்த்தையை, கோபத்தில் சொன்னது என்று எண்ணி, கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் கோபமாகவும் இருக்கலாம். ஆனால் வளர்த்த பாட்டாவை இழந்து ஓராண்டாக அதைப் பற்றி யாரிடமும் பேசாதவன், உறக்கம் தலைகீழானவன், ஒரு மனிதரை அடித்து வீழ்த்திய நினைவோடு அறைக்குள் அடைந்து கிடப்பவன், இறந்தவரோடு போய்ச் சேருவதைப் பற்றிச் சொன்னால், அதைக் கோபம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வயது ஆண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிந்து விழுவதாக, எதிலும் பிடிப்பற்றுப் போவதாக, தன் உயிரைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்வதாக வெளிப்படுகிறது. நள்ளிரவில் வேகமாக வண்டி ஓட்டுவது வாலிப முறுக்கு மட்டும்தான் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும்போது, “எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை” என்ற எண்ணமும் அதற்குள் இருந்திருக்கக்கூடும்.

ஆகவே இன்றே, மகளும் தம்பியும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அவன் அருகில் உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள்: “மக்களே, செத்துப்போகணும்னு ஒனக்குத் தோணுதா?” சுற்றி வளைக்க வேண்டாம், வேறு சொல் தேட வேண்டாம். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்பதை இத்துறையின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்பாரில்லாமல் சுமந்துகொண்டிருந்தவனுக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும். அவன் ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, பதறிக் கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், தங்கையை நினைத்துப் பார் என்று சொல்லாதீர்கள். அவனைத் தனியாக விடாமல் கூடவே இருங்கள். ரப்பர் ஷீட் அடிப்பதற்கும் தோட்டத்துக்கும் வாங்கி வைத்திருக்கும் ஆசிட், பூச்சிமருந்து, பாட்டாவின் மிச்ச மாத்திரைகள் ஆகிய எல்லாவற்றையும் இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், அல்லது சாவி உங்கள் இடுப்பில் இருக்கும்படி பூட்டிவையுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐயும் அழைக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவன் என்ன பதில் சொன்னாலும், இல்லை என்றே சொன்னாலும், இந்த வாரத்துக்குள் அங்கே அழைத்துப் போய்விடுங்கள். “பைத்தியத்துக்குப் பார்க்கிற இடத்துக்கா பிள்ளையைக் கொண்டுபோகிறாய்” என்று உறவில் யாராவது கேட்கக்கூடும். கேட்டால் கேட்கட்டும்.

இனி உங்கள் தம்பியின் யோசனை. அக்காவின் பிள்ளைக்காகத் தன்மேல் வழக்கை இழுத்துப் போட்டுக்கொள்ள முன்வருகிற தாய்மாமனின் பாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதைச் செய்யவே கூடாது என்று எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

சட்டப்படி அது நிற்காது என்பது ஒரு காரணம். அடிபட்டவருக்குத் தன்மேல் மோதியவன் இளம்பையனா, நடுவயதுக்காரரா என்பது தெரியும். பின்னால் இருந்த இரண்டு பையன்களுக்குத் தெரியும், அவர்களுடைய வீடுகளுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். தேங்காப்பட்டணத்திலிருந்து குலசேகரம் வரையுள்ள வழியில் எத்தனை கடைகளில் கேமரா இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். காவல்துறைக்குப் பொய்த் தகவல் கொடுப்பதும், குற்றம் செய்தவரைக் காப்பாற்றுவதற்காக உண்மையை மறைப்பதும் தனித்தனிக் குற்றங்கள். லைசென்ஸ் உள்ளவர் ஓட்டியதாகச் சொன்னால் இன்ஷூரன்ஸ் பணம் சிக்கலில்லாமல் கிடைத்துவிடும் என்றும் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது மோசடி. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்த வழக்கை நாடே பார்த்தது. வீட்டு டிரைவரைப் பழியேற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாகவும், பரிசோதனைக்கான இரத்த மாதிரியை மாற்றியதாகவும் குற்றச்சாட்டு எழுந்து, சிறுவனின் தந்தை, தாய், தாத்தா மூவரும் கைதானார்கள். வசதியும் செல்வாக்கும் இருந்த குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், டெம்போவோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைக்கும் ஒருவரின் லைசென்ஸும் வருமானமும் என்ன ஆகும்?

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு காரணம். ஓட்டியது யார் என்பது உங்கள் மகனுக்குத் தெரியும். ஊர் முழுவதும் நம்பினாலும் அவன் நம்பப்போவதில்லை. மாமா தனக்காகக் கோர்ட்டில் நிற்பதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், தான் செய்தது வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்குக் கொடியது என்றும், அதைத் தாங்கும் தெம்பு தனக்கு இல்லை என்று தன் வீட்டாரே முடிவு செய்துவிட்டார்கள் என்றும்தான் அவன் மனத்தில் பதியும். குற்ற உணர்ச்சிக்கு ஒரு வழி வேண்டும். ஒப்புக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது, ஈடு செய்வது என்று அது வெளியே போக வழியிருந்தால் பிள்ளை வளர்வான். எல்லா வழிகளையும் நாமே அடைத்துவிட்டால் அது அவனுக்கு எதிராகவே திரும்பும். ஏற்கெனவே சாவைப் பற்றிப் பேசத் தொடங்கியவனிடம் அப்படித் திரும்புவது பேராபத்து. மேலும் இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அடிபட்டவர் வயதானவர், சைக்கிளில் வந்தவர். பாட்டாவின் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பிள்ளை அதை நினைக்காமல் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் அறைக்குள் அடைந்து கிடப்பது திமிரால் என்று நீங்கள் எண்ணியிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

தக்கலையில் அபராதம் கட்டி அழைத்து வந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சூழ்நிலையில் பெரும்பாலான குடும்பங்கள் அதைத்தான் செய்திருக்கும். ஆனால் அன்று பையன் கற்றுக்கொண்டது, தான் செய்வதன் விளைவு தன்னிடம் வந்து சேராது, வழியிலேயே பெரியவர்கள் யாராவது அதை வாங்கிக்கொள்வார்கள் என்பதுதான். அதே பாடத்தை இரண்டாம் முறையும், இந்த முறை ஒரு மனிதரின் கால் முறிந்த பிறகும், கற்பிக்க வேண்டாம். விளைவு அவனிடம் வரட்டும். அது வரும்போது அவனோடு நீங்கள் நில்லுங்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வரும் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பணியாற்றுகிறவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 18 வயது நிறையாத பிள்ளையின் இதுபோன்ற வழக்கு பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்குப் போவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம் அதை விசாரிக்கும். அந்தச் சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது. அறிவுரை, மனநல ஆலோசனை, சமூக சேவை, பெற்றோர் கட்ட வேண்டிய அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற வகையில்தான் இத்தகைய வழக்குகளில் குழுமத்தின் உத்தரவுகள் பெரும்பாலும் அமைகின்றன. நம் பகுதியில் எல்லாப் பெற்றோரும் கேட்பது, “கேஸ் வந்துவிட்டால் நாளைக்கு வெளிநாடு போக முடியாதே” என்பது. இந்தச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பின் காரணமாகப் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் இளைஞன் திருந்தி வாழ வழி விட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட சட்டம் அது. உங்கள் தம்பிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஆனால் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் அவருடைய பாதுகாவலரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து என்பவை அதில் உள்ள தண்டனைகள். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உங்களால் இயன்ற அனைத்தையும் செய்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உங்கள் சம்மதத்தோடு ஓட்டினான் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால், காவல் நிலையத்தில் எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள், முடிந்தால் அவரோடே போங்கள். பெண்களும் சிறுவர்களும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பொய்யைச் சோடிப்பதற்காக வழக்கறிஞரிடம் போக வேண்டாம், உண்மையை முறையாகச் சொல்வதற்காகப் போங்கள்.

அந்த 50,000 ரூபாய்ப் பத்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் கையெழுத்து வாங்கிவிட்டதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. அதைவிட, வலியோடு படுத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியிடம் பணத்தைக் காட்டி, இனி எதையும் கோர மாட்டேன் என்று எழுதி வாங்குவது நியாயம் என்று உங்களுக்கே தோன்றாது. பால்வெட்டு எப்படிப்பட்ட வேலை என்று குலசேகரத்துக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் இறங்கி, மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலையை, தொடை எலும்பு கூடி அந்தக் கால் பழைய வலுவுக்கு வரும்வரை பல மாதங்களுக்கு அவரால் நினைத்துப் பார்க்க முடியாது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் செலவில்லை என்றாலும், நின்றுபோன கூலியும், துணைக்கு இருப்பவர் விட்டுவிட்டு வந்த வேலையும், அங்கே அவருடைய சாப்பாடும் அந்தக் குடும்பத்துக்கு இப்போதே பாரமாக இருக்கும். எந்தத் தாளும் இல்லாமல், எந்த நிபந்தனையும் இல்லாமல், அந்தச் செலவுக்கு உங்களால் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யும் உரிமை அவருக்கு இருக்கிறது. சட்டம் அதற்கு 6 மாதக் காலவரை வைத்திருக்கிறது. உங்கள் பைக்குக்கு நடப்பில் உள்ள மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வழக்குகளில், நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. அதாவது அந்தக் கடன் கடைசியில் உங்கள்மேல் வந்து நிற்கலாம். கசப்பாக இருந்தாலும் உங்கள் கணவரும் நீங்களும் இப்போதே அதற்காகத் திட்டமிடுங்கள். அந்தக் குடும்பம் மனுச் செய்வதைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ யாரையும் தூது அனுப்பாதீர்கள்.

மகனை அவரிடம் அழைத்துப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆம் என்பேன், உடனே வேண்டாம் என்றும் சொல்வேன். முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். பையன் வந்து பார்க்க விரும்பினால் அவர்களுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சம்மதித்தால், மனநல மருத்துவரையும் வழக்கறிஞரையும் கலந்துகொண்டு, அவன் ஓரளவு நிதானத்துக்கு வந்த பிறகு கூட்டிப் போங்கள். அங்கே அவனுக்காக நீங்கள் பேசாதீர்கள். அவன் இரண்டு வார்த்தைகள்தான் சொல்வான் என்றாலும் அவனே சொல்லட்டும். அவர்கள் திட்டினால் நின்று கேட்கட்டும். விடுமுறையில் ஏதாவது வேலை செய்து தன் கையால் ஒரு சிறு தொகையாவது அந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று பின்னாளில் அவனுக்கே தோன்றினால், அதற்கு வழி செய்து கொடுங்கள்.

கணவரிடம் சொல்வதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்துக்குப் போகுமுன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்து அறைக்கு வந்து சாப்பிட்ட பிறகு அழைத்து, தக்கலையில் நடந்ததிலிருந்து தொடங்கி, வரிசையாக, எதையும் விடாமல் சொல்லுங்கள். “நீங்கள் வாங்கிக் கொடுத்த வண்டியால்தான்” என்று நீங்களும், “நீ பிள்ளையை வளர்த்த லட்சணம்” என்று மறுமுனையில் அவரும் சொல்லும்படி பேச்சுத் திரும்புவது எளிது. கண்ணெட்டாத தூரத்தில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியாத தகப்பன் முதலில் கோபப்படுவார். அந்தக் கோபம் அன்றே மகன்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் சாவைப் பற்றிச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னால், மகனிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது அவருக்கே புரியும். லீவு கிடைத்தால் ஊருக்கு வரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் தினமும் பத்து நிமிடம் மகனோடு பேசச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மார்க்கைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் பேச்சு வேண்டாம். தன் தகப்பனாரைப் பற்றி, அவர் இறந்தபோது தான் பட்ட துயரத்தைப் பற்றி அவர் பேசலாம். பாட்டாவை இழந்தது உங்கள் மகன் மட்டும் அல்லவே. அந்த இழப்பைத் தகப்பனும் மகனும் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பகிர்ந்துகொள்ளவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

சாவியைத் தர மறுத்தது சரி. அதில் உறுதியாக இருங்கள். “ஸ்கூட்டர்தானே, கியர் இல்லையே, 16 வயதானால் ஓட்டலாமே” என்று உறவினர்கள் சொல்வார்கள். 16 வயதில் லைசென்ஸ் பெற்று ஓட்டலாம் என்பது 50 சிசிக்கு மேற்படாத வண்டிகளுக்குத்தான். இன்று நாம் ஓட்டும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேற்பட்டவை. ஸ்டேஷனில் நிற்கும் பைக் திரும்பக் கிடைத்தாலும் வீட்டு முற்றத்துக்கு வர வேண்டாம், வேறிடத்தில் நிறுத்திவிட்டு, வழக்கு முடிந்ததும் விற்றுவிடுங்கள். கூட வந்த இரண்டு பையன்களின் பெற்றோரையும் நேரில் பார்த்து, அவர்கள் வீட்டு வண்டி எதுவும் உங்கள் மகன் கைக்கு வராதபடி பேசி வையுங்கள். இந்த வயதில் ஒருவன் தனியாக ஓட்டும்போது எடுக்காத அபாயத்தை நண்பர்கள் பின்னால் இருக்கும்போது எடுப்பான், முன்யோசனையை ஆளும் மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்த பிறகே முழு வளர்ச்சி அடைகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுபவன் எதிரே ஆளைப் பார்த்து பிரேக்கைத் தொடுவதற்கு ஆகும் ஒரே விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் நம் சாலைகளில், இரண்டு பருவமழையும் பெய்து ஈரம் காயாத வளைவுகளில், எதிரே தெரியும் தூரமே சில இடங்களில் அவ்வளவுதான் இருக்கும். இந்தக் கணக்கை, கண்டிக்கும் தொனியில் அல்லாமல், அவன் கேட்கும் மனநிலையில் இருக்கும் ஒரு நாளில், அவனோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு அது புரியும்.

இந்த வழக்கின் விளைவாக அவனுக்கு 25 வயது ஆகும்வரை எல்எல்ஆர்கூடக் கிடைக்காமல் போகலாம், சட்டத்தில் அப்படி இருக்கிறது. ஆர்டிஓ ஆபீசில் போய் அவமானப்பட்டுத் தெரிந்துகொள்வதைவிட, உங்கள் வாயிலிருந்து அவன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பஸ்ஸில் பள்ளிக்கூடம் போவதைத் தண்டனைபோல் சொல்லிக் காட்டாதீர்கள். வகுப்பாசிரியர் நம்பகமானவர் என்றால், விபத்தையும் அவனுடைய மனநிலையையும் அவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். பொதுத்தேர்வைப் பற்றிய கவலை இப்போதைக்கு இரண்டாம் பட்சம்.

எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னவை தவிர அதற்குத் தனியாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதற்கு அவனைத் தயார்ப்படுத்த ஒரு மாலை வேண்டும். “நாளைக்கு நாம ஸ்டேஷனுக்குப் போறோம், ஓட்டினது நீதான்னு சொல்லப் போறோம், நான் ஒன்கூடவே இருப்பேன், வக்கீலும் இருப்பாரு” என்று சொல்லுங்கள். அவன் பயப்படுவான், அழலாம், உங்கள்மேல் கோபப்படலாம். மாமாவும் அங்கே இருந்து, தான் முதலில் சொன்ன யோசனையைக் கைவிட்டுவிட்டதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அன்று இரவு அவனைத் தனி அறையில் படுக்க விடாதீர்கள். மனநலப் பிரிவில் முதலில் காட்டிய பிறகு இதைச் செய்வது இன்னும் நல்லது. ஸ்டேஷனில் அவகாசம் வாங்கித் தர வழக்கறிஞரால் முடியும்.

கடைசியாக, உங்கள் மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், உங்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் நடப்பது தெரியாது என்று நினைக்க வேண்டாம். கதவுக்குப் பின்னால் நின்று அரைகுறையாகக் கேட்டு அவள் கற்பனை செய்துகொள்வதைவிட, நடந்ததை அவள் வயதுக்குப் புரியும்படி நீங்களே சொல்லிவிடுங்கள். ஆசாரிப்பள்ளத்துக்குப் போகும் அன்று மகனைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மாமனாரை இழந்த பிறகு வீட்டில் பெரியவர் துணையின்றி, இந்த மூன்று வாரத்தையும் நீங்கள் எப்படிக் கடந்தீர்கள், உறக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா என்பதையும் அதே மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.